வெள்ளிக்கிழமை இரண்டு ரிங்

கலியமூர்த்தி தம்பியின் பெயர் என் போனில் வந்தால் இரண்டு ரிங்கோடு நின்றுவிடும். பல வருஷப் பழக்கம் அது. ஒரு ரிங் என்றால் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார். இரண்டு என்றால் ஃபாரம் எழுத வேண்டியிருக்கிறது, பேனாவை எடுத்து வைக்க வேண்டும். கம்பெனி போய், ஃபாரம் போய், கடையும் போன பிறகு அந்த இரண்டு ரிங்குக்கு ‘நல்லா இருக்கேன் அண்ணி’ என்கிற பொருள் மட்டும் மிஞ்சியிருந்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பூஜைக்குப் பூ தொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர் பெயர். ஈரக் கையோடு எடுக்க வேண்டாம் என்று இரண்டை எண்ணிவிட்டுப் பூவைப் பார்த்தேன். மூன்றாவதும் அடித்தது. நான்காவதும் அடித்தது. எடுத்தால் அவர் மகள் குரல்.

“பெரியம்மா, அப்பா போயிட்டாங்க.”

பல் விளக்கப் போனவர் குழாயடியில் உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. கட்டி முடித்த பூவை சாமிக்குப் போடத் தோன்றவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தேன்.

படத்திறப்பு அன்று கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர்கள் நம் பாபநாசம் வட்டாரத்து ரீசார்ஜ் கடைக்காரர்கள். நான் எட்டாவது வரை படித்தவள். மேடைத் தமிழ் எனக்கு வராது. வீட்டுச் செலவை எழுதுகிற மாதிரி, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அதில் ஒன்றை அவர் போகும் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்கு அவரை ரீசார்ஜ்காரராகத்தான் தெரியும். அதற்கு முன்பு பஸ் நிலையத்துக்கு எதிரே அவர் டெலிபோன் பூத் வைத்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு அவர் சிநேகிதர், அதனால் எனக்கு ‘தம்பி’, நான் அவருக்கு ‘அண்ணி’. செல்போன் கம்பெனி ஒன்று டெல்டாவுக்கு வந்தபோது, பூத் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒருவர்தான் அவர்களிடமே போய் ஏஜென்சி கேட்டார். கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இன்று அந்தப் பெயரே இல்லை. அன்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

“ஏன்டா, உன் பூத்துக்கு நீயே பூட்டுப் போடுறியா?”

“அண்ணே, இத்தனை நாளா ஆளு போனைத் தேடி வந்துச்சு. இனிமே போன் ஆளைத் தேடிப் போவும். நடுவுல நின்னா நசுங்கிடுவோம். முன்னாடி போயிடணும்.”

பூத்தின் கண்ணாடிக் கதவைக் கழற்றி, அதையே படுக்கப் போட்டு, கீழே பலகை அடித்து, சிம் கார்டு வைக்கும் மேஜையாக்கினார். அந்த மேஜையில் கை வைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கண்ணாடிக்குள் ‘எஸ்.டி.டி.’ என்ற சிவப்பு எழுத்து கடைசி வரை பாதி தெரிந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு சிம்முக்கு ஒரு ஃபாரம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு இங்கிலீஷ் எழுத்து, எல்லாம் பெரிய எழுத்தில். தம்பியின் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும், தஞ்சாவூர் ஆபீஸிலிருந்து பாதி ஃபாரம் திரும்பி வந்துவிடும். ஒருநாள் எங்கள் வீட்டில் காப்பி குடிக்கும்போது, நான் பால்காரர் கணக்கு எழுதுவதைப் பார்த்துவிட்டார். “அண்ணி, உங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியுமா?” என்றார். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் மறந்துபோய், எனக்குத் தெரிந்ததெல்லாம் உர மூட்டையிலும் மாத்திரை அட்டையிலும் பார்த்துப் பழகின எழுத்து. “படிக்கத் தெரியாது, பார்த்து எழுதத் தெரியும்” என்றேன். “கம்பெனிக்கு அது போதும்” என்றார். அன்றிலிருந்து பகல் சமையல் முடிந்ததும் எனக்கு ஃபாரம் வேலை. என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார், “எங்க வீட்டுல இப்ப கம்பெனி மேனேஜர் இருக்காங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க” என்று. எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒரு நீளமான நோட்டில் முன்பக்கத்திலிருந்து ‘நமசிவாய’ எழுதிக்கொண்டு வருவேன். அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து சிம் பட்டியல் எழுத ஆரம்பித்தேன். எண், ஃபாரத்தில் உள்ள பேர், உண்மையில் போனை வைத்திருக்கிறவர் பேர் என்று மூன்று கட்டம். இரண்டு பேர் எதற்கு என்று இன்றைய பிள்ளைகள் கேட்பீர்கள். உங்கள் அப்பாமார்களைக் கேளுங்கள். மருமகள் போன் மாமனார் பேரில் இருக்கும், கூலிக்காரர் போன் மிராசுதார் பேரில் இருக்கும். ஒரு பேருக்கு இத்தனை சிம்தான் என்று வரம்பு வந்த பிறகு, கிடைத்த அடையாள அட்டையின் நகலைப் போட்டு எழுதினோம். கம்பெனியும் கேட்கவில்லை. கம்பெனிக்கு எண்ணிக்கை வேண்டும். எங்களுக்கும் அதில் தப்பு தெரியவில்லை. யாரோ ஒருவருக்குப் போன் கிடைக்கிறதே என்று இருந்தது.

குறுவை நடவு சமயம் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் வயலில் நடவாட்கள் கரையேறிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மொபெட்டை வரப்பு முனையில் நிறுத்திவிட்டுத் தம்பி வந்தார். அந்த மாதம் கம்பெனியில் போட்டி வைத்திருந்தார்கள், அதிக சிம் விற்கிறவருக்கு மாவட்டப் பரிசு. அவர் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை ஆரம்பித்துவிட்டாள். அஞ்சலை எங்கள் வயலில் நடவுக்கு வருகிறவள். தம்பி பிறந்து, பிறகு விட்டு வந்த தெருவில்தான் அவள் வீடு.

“ஏந் தம்பி, நாங்க பிடுங்கி நடுற நாத்துகூட மூணாம் நாளு தலை தூக்கிடுது. உன் சிம்மு மட்டும் எங்க நட்டாலும் தலை தூக்க மாட்டேங்குதே!”

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். தம்பி குடமுருட்டி ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

“அந்தா பாருங்க, டவரு ஏறிக்கிட்டு இருக்கு. அடுத்த வாரம் வயலுக்குள்ள நின்னே பேசலாம்க்கா.”

“பேசுறதுக்கு எங்ககிட்ட எங்க காசு?”

“பேசவே வேணாம். ரெண்டு ரிங் விட்டு வச்சிடுங்க. அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குப் புரிஞ்சா போதும். கம்பெனிக்குப் பைசா போவாது.”

“கம்பெனிக்காரன் வயித்துல நீயே அடிக்கிறியா? நல்ல ஏஜென்ட்டுதான் போ.”

சிரிப்பு அடங்கின பிறகு அஞ்சலை அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் மகன் செந்தில் அடுத்த வாரம் வெளிநாட்டு வேலைக்குப் போகிறான். அவளுக்கு உடனே ஒரு நம்பர் வேண்டும். ஆனால் கையில் ஒரு அட்டையும் இல்லை. ரேஷன் கார்டு அடகில் இருந்தது, வாக்காளர் அட்டை வெள்ளத்தில் போனது. தம்பி பேரில் வரம்பு முடிந்துவிட்டது. என் பேரிலும் வீட்டுக்காரர் பேரிலும் முடிந்துவிட்டது. படுக்கையில் இருந்த என் மாமியார் பேரில் அதற்கு முன்பே நான்கு சிம் எழுதியிருந்தோம். ஐந்தாவதாக அஞ்சலைக்கு எழுதினேன். மாமியாரின் அட்டை நகலை எடுத்துக் கொடுத்தவள் நான். அவர் கையெழுத்தைப் போட்டவளும் நான். “ஒரு மாசத்துல அவங்க பேருக்கே மாத்திடுவேன் அண்ணி” என்றார் தம்பி. நான் தலையாட்டினேன். அடுத்த மாதம் வேறு போட்டி வந்தது. நாங்கள் மாற்றவேயில்லை.

அந்த வருஷம் மாவட்டப் பரிசு அவருக்குத்தான். கண்ணாடி போட்ட கேடயம் ஒன்று கொடுத்தார்கள். டீக்கடை, முடிவெட்டும் கடை, உரக்கடை என்று பார்த்த இடத்திலெல்லாம் கம்பெனியின் மஞ்சள் போர்டு. கும்பகோணத்திலிருந்து பாபநாசம் வரை பஸ்ஸில் வந்தால் ஒரு போர்டு கண்ணை விட்டு மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும். செந்தில் வெள்ளிக்கிழமை லீவு நாளில் இரண்டு ரிங் விடுவான். அஞ்சலை எங்கள் வீட்டில் நெல் புடைத்துக்கொண்டிருந்தால், சாயங்காலம் மடியிலிருந்து போனை எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். இரண்டு அடித்து நிற்கும். “வந்துட்டாம்மா” என்பாள், பையன் வாசலில் வந்து நிற்கிற மாதிரி. பிறகு புடைப்பாள். இப்படியே ஆறு வருஷம் போனது. நடுவில் என் மாமியார் காலமானார்.

ஒரு வெள்ளிக்கிழமை ரிங் வரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. செந்திலின் நம்பருக்குப் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. அவனோடு தங்கியிருந்த பக்கத்து ஊர்ப் பையன், முதலாளியோடு தகராறு, செந்தில் முகாமை விட்டுப் போய்விட்டான், எங்கே என்று தெரியாது என்றான். தம்பி அஞ்சலைக்குச் சொன்ன தைரியம் ஒன்றுதான். “போனு பறிபோயிருக்கும்க்கா. எல்லா நம்பரும் போனுக்குள்ள இருந்துருக்கும். ஒன் நம்பரு மட்டும் அவன் மனசுல இருக்கும். எப்ப ஒரு போன் கையில கிடைக்குதோ, அன்னிக்கு அடிப்பான்.” அஞ்சலை போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

நம் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது என்ற சேதி வந்தது அந்தச் சமயத்தில்தான். டீக்கடை டிவியில் ஓடின எழுத்தைப் பார்த்துத்தான் ஏஜென்ட்டுகளுக்கே தெரிந்தது. பத்து நாள் கழித்து கும்பகோணத்தில் ஒரு ஓட்டலில் கூட்டம் போட்டு பிரியாணி கொடுத்தார்கள். உங்களில் சிலர் அன்று அங்கே இருந்தவர்கள். சென்னையிலிருந்து வந்த அதிகாரி, “நம்ம குடும்பம் பெருசாவுது, யாரும் பயப்பட வேண்டாம்” என்றாராம். எல்லாரும் கமிஷனைப் பற்றிக் கேட்டார்கள். தம்பி ஒருவர் மட்டும் எழுந்து, “பேரு வேற, ஆளு வேறன்னு இருக்கிற நம்பரெல்லாம் என்ன சார் ஆவும்?” என்று கேட்டிருக்கிறார்.

“அப்படி ஒரு நம்பர் இருக்கவே கூடாதே சார். உங்ககிட்ட எத்தனை இருக்கு?”

பக்கத்திலிருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள் என்று என்னிடம் சொன்னார். அன்று அவர் சாப்பிடாமல் வந்தார். வந்ததும் கேட்டது என் நோட்டை.

பழைய நம்பர் எல்லாம் புதுக் கம்பெனிக்குப் போகும், ஆனால் யார் பேரில் இருக்கிறதோ அவர் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும், கெடு தேதிக்குள் வைக்காத நம்பர் செத்துப்போகும் என்று அறிவித்திருந்தார்கள். தம்பி என் நோட்டை மொபெட்டின் முன்பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தன் பேரில் இருந்ததற்கெல்லாம் தானே கைரேகை வைத்தார். என்னையும் என் வீட்டுக்காரரையும் கூட்டிப்போய் வைக்க வைத்தார். மாமியார் பேரில் இருந்த ஐந்தில் நான்கு பேர் போனால் போகிறது என்று புது நம்பர் வாங்கிக்கொண்டார்கள். அஞ்சலையால் அப்படி வாங்க முடியாது.

கும்பகோணம் ஷோரூமுக்கு அவர் மூன்று தடவை போனார். மூன்றாவது தடவை நானும் போனேன். கணினி முன்னால் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

“கஸ்டமரைக் கூட்டிட்டு வாங்க சார்.”

“அவங்க காலமாயிட்டாங்கம்மா.”

“அப்ப நம்பரை சரண்டர் பண்ணிடுங்க.”

“அந்த நம்பருக்கு ஒரு புள்ள போன் அடிக்கும்மா.”

“வாரிசு சர்டிபிகேட் இருந்தா வாரிசு பேருக்கு மாத்தலாம் சார். வேற வழி சிஸ்டத்துலயே இல்ல.”

வாரிசு என்றால் என் வீட்டுக்காரரும், சென்னையில் இருக்கும் அவர் தம்பியும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டில் நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை. என் வீட்டுக்காரர் போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும், அந்தப் பக்கம் கொழுந்தன் கேட்ட முதல் கேள்வி என் காதிலேயே விழுந்தது.

“எந்த நிலத்துக்கு? அதை முதல்ல சொல்லுண்ணே.”

“நிலத்துக்கு இல்லடா. அம்மா பேர்ல ஒரு சிம்மு இருக்கு.”

“சிம்முக்கு வாரிசு சர்டிபிகேட்டா? நான் சின்னப் பிள்ளையாண்ணே? வக்கீலைக் கேக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்.”

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “ஒரு நம்பருக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நிக்கணுமா?” என்றார். கெடுவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. நான் ஒரு வார்த்தை வற்புறுத்தியிருந்தால் அவர் சென்னைக்குப் போயிருப்பார். நேரில் போனால் கொழுந்தன் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். நான் வற்புறுத்தவில்லை. கேட்கப்போய் பாகப் பிரிவினைப் பேச்சு கிளம்பிவிடுமோ என்று எனக்கும் பயம். சிம் ஃபாரத்தில் மாமியார் கையெழுத்தைப் போட்டவள் நான் என்பது குடும்பத்துக்குள் தெரிந்துவிடுமே என்று அதைவிடப் பயம். திருவிடைமருதூர் போய் மகாலிங்கசுவாமிக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். சாமியிடம் சொன்னேன், அஞ்சலையிடம் சொல்லவில்லை.

தம்பியிடம் ‘கொழுந்தன் ஒத்துக்கல’ என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை மேற்கொண்டு கேட்கவில்லை. “சரிங்க அண்ணி” என்றார்.

நம்பர் நின்ற அன்று அஞ்சலை எங்கள் கொல்லைப்புறத்தில் வேலையாக இருந்தாள். போனை எடுத்து உதறினாள், பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். “டவரு போயிடுச்சாம்மா?” என்று என்னைக் கேட்டாள். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல உள்ளே போய்விட்டேன். தம்பிதான் வந்து சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“அக்கா, அந்த நம்பரு இனிமே வராது. தப்பு என்னுது. பேரை மாத்திப் போட்டவன் நான். யாரையும் ஒண்ணும் நினைக்காதே, என்னை நினைச்சுக்க.”

அஞ்சலை அழவில்லை, கத்தவில்லை. போனை அவர் கையில் கொடுத்து, “இன்னொரு தடவை பாரு தம்பி” என்றாள். அவரும் வாங்கி, கழற்றி, மாட்டி, இன்னொரு தடவை பார்த்தார்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். புதுக் கம்பெனி வேறு ஏஜென்ட்டைப் போட்டது. மஞ்சள் போர்டுகளை ஒரே வாரத்தில் கழற்றிக்கொண்டு போனார்கள். சில போர்டுகள் மாட்டுக் கொட்டகைக் கூரைக்கு வந்தன. தம்பி கண்ணாடி மேஜையை டீக்கடை ஓரத்தில் போட்டு, போனுக்கு ஒட்டும் கண்ணாடியும் சார்ஜரும் விற்றார். மாவட்டக் கேடயம் அவர் வீட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்ததை நானே கண்டேன். சர்க்கரை வந்தது, பிறகு நெஞ்சு வலி வந்தது. அவரைத் ‘தோத்துப்போன ஏஜென்ட்’ என்று சொன்னவர்கள் இந்த வட்டாரத்திலேயே உண்டு. அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

கேட்பாரற்றுப் போன நம்பரைச் சில மாதம் கழித்துக் கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அது அவருக்குத் தெரியும். அதனால் செத்துப்போன அந்த நம்பருக்கு வாரம் ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு, “அண்ணி, இங்க வாங்க, ரிங் போவுது” என்றார். யாரோ ஒருவர் எடுத்தார்.

“யாருங்க?”

“வணக்கங்க, நான் பாபநாசத்துலேருந்து பேசுறேன். இந்த நம்பரு உங்களுக்கு எப்பக் கிடைச்சுது?”

“லோனா, கிரெடிட் கார்டா? எதுவும் வேணாம், வையி.”

வைத்துவிட்டார். தம்பி மறுபடி போட்டார்.

“மறுபடியும் நீயா?”

“ஒரு நிமிஷம் தம்பி, வச்சிடாதீங்க. இந்த நம்பரை முன்னாடி ஒரு அம்மா வச்சிருந்தாங்க. அவங்க மவன் வெளிநாட்டுல இருக்கான். அவனுக்கு இந்த நம்பரு மட்டுந்தான் தெரியும்.”

“வெளிநாட்டு நம்பர்னா நான் எடுக்கறதே இல்லண்ணா. எல்லாம் ஏமாத்துறவங்க.”

“எடுக்க வேணாம். ரெண்டு ரிங் வந்து நின்னா எனக்குச் சொல்லுங்க, போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல வரும்.”

அந்தப் பக்கம் பெட்டிகள் இறக்குகிற சத்தம் கேட்டது. அவர் பெயர் முனிராஜ், ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறவர் என்பது பிறகு தெரிந்தது. பெட்டிச் சத்தத்துக்கு நடுவில் அவர் சொன்னார்:

“இங்க டவர் சரியில்லண்ணா. இந்த நம்பரைத் தூக்கிப் போட்டுட்டு வேற மாத்தலாம்னு இருக்கேன்.”

“மாத்தாதீங்க தம்பி. மாசா மாசம் ரீசார்ஜ் நான் போட்டுடுறேன். நீங்க வச்சுக்கிட்டு இருந்தா போதும்.”

அன்றிலிருந்து மூன்று வருஷம், முகம் தெரியாத ஒருவரின் போனுக்குக் கலியமூர்த்தி தம்பி மாதம் தவறாமல் ரீசார்ஜ் போட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அவரைக் கூப்பிட்டுக் கேட்பார். கேட்டுவிட்டு அஞ்சலை வீட்டுக்குப் போய், “இன்னிக்கு வரலைக்கா” என்று சொல்லிவிட்டு வருவார். நெஞ்சு வலி வந்த பிறகும் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனார். “எதுக்குத் தம்பி இதைச் சொல்றதுக்கு ஒரு நடை? இல்லைன்னு போன்லயே சொல்லலாமே” என்று ஒருமுறை கேட்டேன். “இல்லைங்கிறதை நேர்ல போய்த்தான் அண்ணி சொல்லணும்” என்றார்.

செந்தில் அடிக்கவில்லை. இந்த எழுத்தை எழுதுகிற நாள் வரை அடிக்கவில்லை.

தம்பியைக் குடமுருட்டிக் கரைக்குக் கொண்டுபோன பிறகு, பெண்கள் குளித்துவிட்டுக் கலைந்துகொண்டிருந்தோம். அஞ்சலை ஈரத் தலையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இனிமே யாரும்மா கேட்டுச் சொல்லுவா?”

அங்கேயே, ஆட்கள் போய்க்கொண்டிருக்கும்போதே, அவளிடம் சொன்னேன். அட்டையைக் கொடுத்தவள் நான், கையெழுத்துப் போட்டவள் நான், பதினெட்டு நாள் இருந்தும் வாயைத் திறக்காதவள் நான், தம்பி தன் தலையில் போட்டுக்கொண்டதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவளும் நான் என்று. சொல்லி முடித்ததும் என் மேல் ஒரு கூடை மண்ணைக் கொட்டுவாள் என்று நினைத்தேன். கொட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இப்ப சொல்லி என்னம்மா” என்றாள். முந்தானையைப் பிழிந்தாள். நாலடி நடந்தவள் திரும்பி வந்தாள்.

“அப்ப நீங்கதான் வந்து சொல்லணும்.”

முதல் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு ராயக்கோட்டை நம்பருக்குப் போட்டேன். “அண்ணன் போன்ல ரெண்டு நாளா யாரும் எடுக்கலையே, அவர் இல்லீங்களா?” என்றார் முனிராஜ். சொன்னேன். அவர் வண்டியை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது. “ரீசார்ஜ் நானே போட்டுக்கறேங்கம்மா. நம்பரை மாத்த மாட்டேன்” என்றார். பிறகு, நான் கேட்பதற்கு முன்பே, “இன்னிக்கு எதுவும் வரலீங்க” என்றார்.

கல்யாணமாகி வந்து முப்பத்தைந்து வருஷத்தில் அஞ்சலையின் தெருவுக்குள் நான் கால் வைத்ததில்லை. அவள்தான் எங்கள் கொல்லைக்கு வருவாள். அன்று நடந்து போனேன். தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், எனக்குக் கூச்சமாக இருந்தது. அஞ்சலை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“இன்னிக்கு வரல அஞ்சலை.”

“சரிம்மா” என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் நோட்டில் முன்பக்கத்து நாமமும் பின்பக்கத்துப் பட்டியலும் நடுவில் ஒரு தாள் இடைவெளியில் நிற்கின்றன. பட்டியலில் அஞ்சலையின் வரியில், ஃபாரத்துப் பேர் என்ற கட்டத்தில் மாமியார் பேருக்குக் கீழே, எழுதினவள் என்று என் பேரையும் சேர்த்து எழுதிவிட்டேன். கலியமூர்த்தி தம்பி இனி அதைச் சுமக்க வேண்டாம். அவருடையது என்று என்னிடம் இருப்பது மேஜையோ கேடயமோ இல்லை. வெள்ளிக்கிழமை ஆறரை மணியும், ராயக்கோட்டை நம்பரும், அதற்குப் பிறகு நடக்க வேண்டிய அந்த ஒரு தெருவும்தான். என் கால் நடக்கிற வரை போய், அவர் சொன்ன மாதிரியே, நேரில் சொல்லுவேன்.